பரணில் கிடக்கும் 486ஐ மறுபடி ஓட விடலாமா? அந்தக் கணினிகள் நிஜமாகவே நன்றாக இருந்தனவா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1995இல் உங்கள் அப்பா ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்காக வாங்கிய 486 கணினி பரணில் கிடக்கிறது. அதில் டாஸும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம்) விண்டோஸ் 3.1உம் இருந்தன. அதை இறக்கிச் சுவிட்ச் போடலாமா, உள்ளே லோட்டஸ் 1-2-3 என்ற ஒர்க்‌ஷீட் நிரலில் போட்ட கணக்குகளும் அவர் தமிழில் அடித்து வைத்த கடிதங்களும் திரும்பக் கிடைக்குமா என்பது ஒன்று. இன்னொன்றைக் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்: "இப்போது இருப்பதைவிட அந்தக் கணினிதான் நன்றாக இருந்தது என்று அப்பா சொல்கிறார். நிஜமாகவா, இல்லை வயசான பேச்சா?" நீங்கள் கேட்க வந்தது இந்த இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. அது வெறும் வயசான பேச்சு என்றால் பெட்டியை இறக்குவதற்கு இவ்வளவு யோசிக்க மாட்டீர்கள்.

அதனால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள்: பெட்டியை இறக்கியிருந்தால் ப்ளக்கில் மாட்டிவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. நான் 1990களின் தொடக்கத்திலிருந்து கணினி சர்வீஸ் வேலையில் இருப்பவன். போர்டு, டிஸ்க், டேட்டா மீட்பது எல்லாம் கை பழகிய வேலை. பழைய மானிட்டரைப் பிரித்துச் சரிசெய்வது என் துறை இல்லை. அதைப் பற்றி எச்சரிக்கை மட்டும்தான் சொல்வேன்.

உங்கள் அப்பா சொல்வதில் ஒரு பாதி அப்படியே உண்மை, இன்னொரு பாதி நினைவு பூசிய மெருகு. எது எந்தப் பாதி என்று பிரித்தே சொல்லலாம்.

உண்மையான பாதியில் முதலில் வருவது, விசையை அழுத்தியதும் எழுத்து திரையில் விழுந்த வேகம். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். டான் லூ என்ற பொறியாளர் 2017இல், விசையை அழுத்துவதற்கும் எழுத்து திரையில் தோன்றுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்று பழையதும் புதியதுமாகப் பல கணினிகளைக் கேமரா வைத்து அளந்தார். 1983இல் வந்த ஆப்பிள் 2இ அந்த வேலையை 30 மில்லிசெகண்டில் முடித்தது. அவர் அளந்த புதிய கணினிகள் பலவற்றுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் தேவைப்பட்டது. 486க்கும் அதே எண்தான் என்று சொல்லிவிட முடியாது, அது வேறு வகைக் கணினி. ஆனால் டாஸில் ஓர் எழுத்து விரலிலிருந்து திரைக்குப் போகும் பாதையும் அதே போலக் குட்டையானதுதான். அந்தப் பாதையை எனக்கு நன்றாகத் தெரியும், சொல்கிறேன்.

விசையை அழுத்தியதும் கீபோர்டிலிருந்து ஓர் இன்டரப்ட் போகும். ப்ராசஸர் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும். டாஸ் திரை 80 எழுத்து அகலம், 25 வரி, ஆக மொத்தம் 2,000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மெமரியில் 2 பைட்: ஒன்றில் எழுத்து, மற்றதில் நிறம். முழுத் திரையும் 4,000 பைட்டுக்குள் முடிந்துவிட்டது. அதில் உரிய இடத்தில் ஒரு எண்ணைப் போட்டால் போதும், அடுத்த முறை திரை வரையப்படும்போது எழுத்து அங்கே நிற்கும். விஜிஏ என்ற அந்தக் காலத் திரைத் தரத்தின் டெக்ஸ்ட் மோடில் திரை செகண்டுக்கு 70 முறை வரையப்பட்டது. நடுவில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் அப்பா பயன்படுத்திய லோட்டஸ் 1-2-3 இதில் பேர்போனது. 1983இல் வந்த அதன் முதல் பதிப்பை ப்ராசஸரின் சொந்தக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான அசெம்ப்ளி மொழியிலேயே எழுதியிருந்தார்கள். பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) வழியாகப் போனால் தாமதம் என்று நேராகத் திரை மெமரியிலேயே எழுதியது அது. ஐபிஎம் அல்லாத கணினி ஒன்று உண்மையிலேயே ஐபிஎம்முக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அந்தக் காலத்தில் லோட்டஸைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். வன்பொருளோடு நேராகப் பேசும் நிரலே ஓடுகிறது என்றால் மற்றவையும் ஓடும் என்று கணக்கு. இன்றைய கணினியில் அதே ஓர் எழுத்து யுஎஸ்பி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வரிசை, நிரல், எல்லா ஜன்னல்களையும் சேர்த்து ஒரே படமாக்கும் பகுதி, மானிட்டருக்குள் இருக்கும் சிப் என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வருகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு முறை தவறவிட்டாலே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் போய்விடும். லோட்டஸில் அம்புக்குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருஷக் கணக்கில் வேலை செய்த விரல் இந்த வித்தியாசத்தை உணரும். உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை.

அடுத்தது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது. அந்தக் கணினியை ஒரே ஆள் அடி முதல் நுனி வரை தெரிந்துகொள்ள முடிந்தது. பெரிய படிப்பு படித்தவர்கள் என்று இல்லை, கணக்கு எழுதுபவர், டைப்பிஸ்ட், ஒரு பத்தாம் வகுப்புப் பையன், யாராக இருந்தாலும் ஆறு மாசம் உட்கார்ந்தால் முடிந்தது. சுவிட்ச் போட்டதும் பயாஸ் மெமரியை எண்ணும், அந்த எண்ணிக்கை திரையில் ஓடும். அப்புறம் டிஸ்க்கின் முதல் செக்டரை, வெறும் 512 பைட்டை, மெமரியில் ஏற்றும். அந்தச் சின்ன நிரல் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற இரண்டு ஃபைல்களைக் கொண்டுவரும். அவை கான்ஃபிக்.சிஸ் ஃபைலைப் படித்து அதில் சொல்லியிருப்பதைச் செய்யும். பிறகு கமாண்ட்.காம் ஏறும், அது ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலை ஓட்டும், முடிந்தது, சி ப்ராம்ப்ட் வந்து நிற்கும். அவ்வளவுதான். ப்ராம்ப்ட் வரவில்லை என்றால் இந்த ஏழெட்டுப் படிகளில் எது அறுந்தது என்று தேடினால் போதும். யாருக்கும் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை என்று ஒன்றுமே கிடையாது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினியும் ஒன்றும் செய்யாமல் மினுக்கும் கர்சரோடு காத்திருக்கும்.

640 கேபி விவகாரத்தை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். 1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8088 ப்ராசஸருக்கு 20 முகவரிக் கம்பிகள், அதனால் மொத்தம் 1 எம்பி வரைதான் கை எட்டும். அதில் மேலே இருக்கும் 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கினார்கள். மீதி 640 கேபிதான் நிரல்களுக்கு. பிறகு 386, 486 என்று வந்து 8 எம்பி மெமரி போட்டபோதும் டாஸ் நிரல்கள் அந்த 640க்குள்தான் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. மவுஸ் டிரைவர் கொஞ்சம் எடுக்கும், சிடி டிரைவர் கொஞ்சம், நெட்வொர்க் இருந்தால் இன்னும் கொஞ்சம். கடைசியில் பெரிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்தால் மெமரி போதவில்லை என்று சொல்லும்.

அப்போது என்ன செய்வோம்? கான்ஃபிக்.சிஸ் ஃபைலைத் திறந்து ஹைமெம்.சிஸ்ஸைப் போடுவோம், அதன் கீழே ஈஎம்எம்386 (இரண்டும் 640 கேபிக்கு மேலே இருக்கும் மெமரியைப் பயன்படுத்த வழிசெய்பவை), அப்புறம் டாஸை மேலே தூக்கி வைக்கும் வரி. டிரைவர்களை ஒவ்வொன்றாக மேல் மெமரிக்கு ஏற்றும் வரிகள் அதற்குப் பிறகு. எந்த டிரைவர் முதலில், எது பின்னால் என்று வரிசை மாற்றினாலே சில கேபி மிச்சமாகும். மெம் கமாண்டைக் கொடுத்து எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பார்ப்பது, மாற்றுவது, மறுபடி பூட் செய்து பார்ப்பது. டாஸ் 6இல் இதைத் தானாகச் செய்யும் மெம்மேக்கர் வந்தது, ஆனாலும் கையால் செய்பவர்கள் அதைவிட நன்றாகவே செய்தார்கள். 600 கேபிக்கு மேல் காலி என்று திரையில் பார்க்கும்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கு 16 ஜிபி வாங்கிப் போடும்போது நான் உணர்ந்ததில்லை. அது ஒரு குறைபாட்டைச் சமாளிக்கும் வேலைதான். ஆனாலும் அந்த வேலையைச் செய்தவருக்குத் தன் கணினியின் ஒவ்வொரு கேபியும் எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது.

இந்தத் தெளிவு தற்செயலாக வரவில்லை. ஐபிஎம் தன் பிசியோடு வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் சர்க்யூட் வரைபடமும் பயாஸ் நிரலின் முழு வரிகளும் அச்சாகியிருந்தன. டாஸின் மூலம், சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் 1980இல் எழுதிய 86-டாஸ். மைக்ரோசாஃப்ட் அதை 1981இல் வாங்கியது. ஆரம்பப் பதிப்புகளின் மூல நிரலை மைக்ரோசாஃப்ட் 2014இல் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வழியாகப் படிக்கக் கொடுத்தது. 2018இல் அதையே யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிட்டது. 2024இல் 4.00 பதிப்பும் வந்துவிட்டது. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இன்றைக்கு உட்கார்ந்து ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க ஆசைப்பட்டால் அதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியின் முன்பக்கம் டர்போ என்று ஒரு பட்டனும், 66 என்று எரியும் ஒரு குட்டி டிஸ்ப்ளேயும் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பட்டனை வேகத்தைக் கூட்டும் பட்டன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது கணினியை மெதுவாக்குவதற்காக வைத்தது. முதல் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் புதிய ப்ராசஸரில் கண்மண் தெரியாமல் ஓடின, அவற்றுக்காகத்தான் அந்த ஏற்பாடு. டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணும் எதையும் அளந்து காட்டுவதில்லை. பின்னால் இருக்கும் ஜம்பர்களை எப்படிப் போடுகிறோமோ அந்த எண் எரியும்.

இனி நினைவு மெருகேற்றிய பாதி. அந்தக் கணினிகள் நிலையாக ஓடின என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டாஸில் ஒரு நிரல் இன்னொன்றின் மெமரியில் கைவைப்பதைத் தடுக்க எந்தக் காவலும் இல்லை. விண்டோஸ் 3.1இல் நிரல்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஓடும் முறை. ஒன்று விட்டுக்கொடுக்காமல் சிக்கிக்கொண்டால் மொத்தமும் உறைந்து நிற்கும். சேமிக்காத கணக்கு போனது போனதுதான். ஃபிளாப்பியில் பேட் செக்டர் வந்து, கைவிடவா, திரும்ப முயலவா என்று கேட்டுக்கொண்டே நிற்கும் அந்த வரியைப் பார்த்து வயிற்றைப் பிசைந்த நாட்களை நாங்கள் எல்லோருமே கடந்திருக்கிறோம். டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒளிந்துகொள்ளும் பூட் செக்டர் வைரஸ் ஒரு ஃபிளாப்பியிலிருந்து ஆபீஸ் முழுக்கப் பரவும். 1986இல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸ் தொடங்கிப் பத்து வருஷத்துக்கும் மேல் அந்தத் தொல்லை இருந்தது. டாட் மேட்ரிக்ஸில் ஐம்பது பக்கம் அச்சடிக்கக் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டே வரலாம். இவை எதற்கும் நான் ஏங்கவில்லை.

இன்னொன்றையும் இந்தப் பாதியில் சேர்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனது, கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு முறை வைத்து உட்கார்ந்தது, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைப் பக்கத்து சீட் பையனோடு மாறி மாறி விளையாடியது என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். அது கணினியின் குணம் இல்லை. ஓர் ஊரிலேயே சில இடங்களில் மட்டும் கிடைத்த பொருளுக்கு இருந்த மரியாதை அது. அந்த ஏக்கம் எனக்கும் உண்டு, ஆனால் 486ஐ எடுத்துச் சுவிட்ச் போட்டால் அது திரும்பி வராது. விசையின் வேகமும் முழுசாகத் தெரிந்துகொள்ளும் சாத்தியமும்தான் திரும்பி வரும். உங்கள் அப்பாவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். முதலில் டேட்டா, அப்புறம்தான் கணினி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்க் இத்தனை வருஷத்துக்குப் பிறகு சுழலுமா என்பதை யாரும் இங்கிருந்து சொல்ல முடியாது. சில டிஸ்க்குகள் ஒரே ஒரு முறை மட்டும் சுழன்று கொடுக்கும். அந்த ஒரு முறையை விண்டோஸ் 3.1 திறக்கிறதா என்று பார்த்து வீணாக்காமல் நகல் எடுக்கப் பயன்படுத்த வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய டிஸ்க் இணைப்புப் போர்ட் இருக்கும் பென்டியம் 4 காலத்துக் கணினி ஒன்றில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் நகலெடுக்கும் நிரலைக் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக இமேஜ் எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி அடாப்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அவற்றில் பல எல்பிஏ முகவரி (செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் குறிக்கும் முறை) தெரியாத பழைய டிஸ்க்குகளை அடையாளம் காண்பதில்லை. அடாப்டரில் தெரியவில்லை என்பதற்காக டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கழற்றும்போது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். அதில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் இருக்கும், பின்னால் தேவைப்படும்.

ஃபிளாப்பிகளைப் பற்றி. 3.5 அங்குல ஃபிளாப்பியின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, உள்ளே இருக்கும் கறுப்பு வட்டைச் சுற்றிப் பாருங்கள். சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். அப்படிப்பட்டதை டிரைவில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நல்லவற்றில் மூலையில் இருக்கும் சின்னக் கட்டையை நகர்த்தி ஓட்டை திறந்திருக்கும்படி வைத்தால் அதில் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். பிறகு சாதாரண யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவே போதும். 5.25 அங்குலம் இருந்தால் அந்த டிரைவ்கள் உதவாது. பழைய டிரைவோடு கிரீஸ்வீசல் என்ற சின்னப் போர்டை இணைத்து, காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதிவு செய்யும் முறை இருக்கிறது. பாதி கெட்டவற்றிலிருந்தும் அது சில சமயம் மீட்டுக் கொடுக்கும்.

இப்போது ப்ளக்கில் மாட்ட வேண்டாம் என்று சொன்னதன் காரணம். மூடியைத் திறந்ததும் மதர்போர்டில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். நீலமோ பச்சையோ நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவில் உருளையாகப் படுத்திருக்கும் ஒரு பேட்டரி இருந்தால் அது நிக்கல் காட்மியம். இத்தனை வருஷத்தில் அது கசிந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கசிவு காரத்தன்மை உள்ளது. சுற்றிலும் பச்சை படிந்து, போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகி மிச்சமும் போகலாம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த பட்ஸால் துடைத்து, பிறகு சுத்தமான ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காய வைக்க வேண்டும். காசு போன்ற தட்டையான சிஆர்2032 பேட்டரியாக இருந்தால் கவலை குறைவு, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் போதும்.

அடுத்தது பவர் சப்ளை. பரணில் இருந்த பெட்டிக்குள் பல்லி முட்டையும் எறும்பு மண்ணும் இருக்கும், அவை இல்லாத பெட்டியை நான் பார்த்தது குறைவு. பவர் சப்ளையைத் தனியே கழற்றி, கரண்ட் வரும் வழியில் சீரியஸ் பல்ப் போட்டுச் சோதிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அந்தக் கால ஏடி வகைப் பெட்டியில் முன்பக்க சுவிட்சுக்கே 230 வோல்ட் நேராக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மென்பொருளால் அணைக்க வழியே இல்லை. பின்னால் வந்த விண்டோஸ் 95, இப்போது கணினியை அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் ஒரு திரையைக் காட்டி நம்மைக் காத்திருக்க வைத்ததன் காரணம் அதுதான்.

மதர்போர்டுக்குப் போகும் கரண்ட் பி8, பி9 என்று இரண்டு தனித்தனி கனெக்டர்களாக வரும். பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும், இடம் மாறினாலும் உள்ளே போய்விடும். மாற்றிச் செருகினால் போர்டு எரியும். இரண்டிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும், இது ஒன்றைத்தான் சர்வீஸுக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்வேன். மானிட்டர் விஷயத்தில், பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். படக்குழாயில் தங்கும் மின்சாரம் உயிரை எடுக்கக்கூடியது. எரிந்தால் எரியட்டும், எரியாவிட்டால் விஜிஏ சாக்கெட் உள்ள பழைய எல்சிடி ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்து சுவிட்ச் போட்டால், ஒரு குட்டி பீப் வந்தால் நல்ல சகுனம். விட்டுவிட்டு நீளமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மெமரி. ராமைக் கழற்றித் தொடர்புகளைத் துடைத்து மறுபடி போடுங்கள். சிமாஸ் (பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிப்) செக்சம் பிழை என்று வந்தால் பயப்பட வேண்டாம், பேட்டரி செத்ததால் அமைப்புகளை மறந்துவிட்டது. பயாஸுக்குள் போய், லேபிளில் படம் எடுத்து வைத்த அந்த மூன்று எண்களைக் கொடுங்கள், டிஸ்க்கைக் கண்டுகொள்ளும். டிஸ்க் போயிருந்தால் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஐடிஇக்கு மாற்றும் அடாப்டரில் போட்டு, எடுத்து வைத்த இமேஜை அதில் ஏற்றலாம். 486 காலத்து பயாஸ்களில் பல 504 எம்பிக்கு மேல் பார்க்காது, அதனால் சின்னக் கார்டாகத் தேடி வாங்குங்கள்.

ஃபைல்களைத் திறப்பதில் லோட்டஸ் கணக்குகள் சுலபம். டபிள்யூகே1 என்று முடியும் ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் அப்படியே திறக்கும், டிபேஸ் என்ற பழைய டேட்டாபேஸ் நிரலின் டிபிஎஃப் ஃபைல்களையும்தான். வேர்டுஸ்டார் என்ற பழைய கடிதம் அடிக்கும் நிரலின் ஃபைல் இருந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் குப்பையாகத் தெரியலாம். கெட்டுப்போகவில்லை. பழைய வேர்டுஸ்டார் பதிப்புகள் சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைக்கும் வழக்கம் உடையவை. ஒரு சின்ன நிரல் எழுதி அந்தப் பிட்டை இறக்கிவிட்டால் உரை முழுசாக வந்துவிடும்.

தமிழ்க் கடிதங்கள்தான் கொஞ்சம் வேலை வாங்கும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991லேயே, தமிழ் இருந்தது. ஆனால் விண்டோஸுக்குள் முறையாக வந்தது விண்டோஸ் 2000இல்தான். விண்டோஸ் 3.1இல் தமிழ் என்றால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த ஃபான்ட்தான். ஃபைலில் இருப்பது ஆங்கில எழுத்துகள், பார்வைக்கு மட்டும் தமிழ். அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஒன்றுமே புரியாது. உங்கள் அப்பா பாமினி வகை ஃபான்டில் அடித்திருந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். அதைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள், பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன. வேறு மாதிரி தெரிந்தால் அந்தக் கணினியின் ஃபான்ட் ஃபைல்களையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்த நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது ஃபான்டிலேயே இருப்பதால், அது கையில் இருக்கும்வரை மாற்று அட்டவணையைக் கையால் போட்டுவிடலாம். மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள், கொ, கோ, கௌ வரும் இடங்களில்தான் கருவிகள் பெரும்பாலும் தவறும்.

பழைய கணினியை இன்றைய கணினிக்குள் பாவனை செய்யும் எமுலேட்டர் நிரல் போதாதா என்றும் கேட்கலாம். ஃபைல்களைப் படிக்கவும் பழைய விளையாட்டுகளுக்கும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் தாராளமாகப் போதும். பழைய டிஸ்க் இமேஜை அப்படியே பூட் செய்து அப்பாவின் விண்டோஸ் 3.1ஐ, அவர் வைத்திருந்த ஐகான் வரிசையோடு பார்க்க வேண்டும் என்றால் 86பாக்ஸ் நல்லது, அது பழைய மதர்போர்டையே முழுசாகப் பாவனை செய்கிறது. ஆனால் மேலே சொன்ன விசையின் வேகம் எமுலேட்டரில் வராது. அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் கடைசியில் இன்றைய யுஎஸ்பி வழியாகவும் இன்றைய திரை வழியாகவும்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால், இமேஜை எடுத்ததும் முதலில் எமுலேட்டரில் கடிதங்களையும் கணக்குகளையும் அப்பாவிடம் காட்டுங்கள், அவை என்ன ஆயின என்ற கவலைதான் அவருக்கு முதலில் இருக்கும். போர்டைச் சுத்தம் செய்வது நிதானமாக நடக்கட்டும்.

மூடியைத் திறந்ததும் மதர்போர்டை மேலிருந்து வெளிச்சத்தில் ஒரு படம், பேட்டரி இருக்கும் மூலையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கசிவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தக் கோடுகளைச் சோதிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.